மின்னும் பாத்திரத்தைப் படமெடுக்கக் கொடுக்கும் முன்

கேள்வி: குரோம்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே பாரம்பரியச் சமையல் பாத்திரங்களை இணையத்தில் விற்கிறோம். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், ஈயச் சொம்பு என்று 36 வகை. கல்சட்டி, இரும்புச் சட்டி, தோசைக்கல் என்று 24 வகை. இதுவரை நானே ஜன்னலோரத்தில் வைத்து, டியூப்லைட்டும் போட்டு, செல்போனில் படமெடுத்தேன். பித்தளை பச்சையடிக்கிறது, எவர்சில்வர் கறுத்துத் தெரிகிறது. வாங்கியவர்கள் "படத்தில் பெரிதாக இருந்தது", "கல்சட்டி நிறமே வேறு" என்று திருப்பி அனுப்புகிறார்கள். மூன்று ஸ்டுடியோக்களில் விலை கேட்டேன். ஒருவர் படத்துக்கு 150 ரூபாய், இன்னொருவர் 600, மூன்றாமவர் நாளுக்கு 18,000 என்கிறார். யாரிடம் கொடுப்பது? தீபாவளி விற்பனைக்குள் படங்கள் தயாராக வேண்டும். பாத்திரங்களை என் மாமியார் புளி போட்டுத் தேய்த்துத் தருகிறார். அது போதுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விலைக்குப் போகும் முன் பச்சையையும் கறுப்பையும் பார்த்துவிடலாம். யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

துலக்கிய உலோகத்துக்குப் படத்தில் தனித் தோற்றம் கிடையாது. சுற்றிலும் இருப்பதை அப்படியே திருப்பிக் காட்டும். ஜன்னல் ஒரு பக்கம் வெள்ளைக் கட்டமாக விழும். மீதி அறையின் இருட்டு மற்ற இடமெல்லாம் கறுப்பாக விழும். குடம், சொம்பு போல வயிறு உருண்ட பாத்திரம் என்றால் மொத்த அறையும், படமெடுப்பவர் கையும் போனும் உட்பட, அந்த வயிற்றுக்குள் வந்துவிடும். பச்சைக்குக் காரணம் கலப்பு வெளிச்சம். பகல் ஒளி ஒரு நிறம், டியூப்லைட் வேறு நிறம். பல டியூப்லைட்டுகளில் பச்சை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். கேமரா ஏதாவது ஒரு வெளிச்சத்துக்குத்தான் வெள்ளையைச் சரிசெய்யும், மற்றது கறையாக நின்றுவிடும். அடுத்த முறை வீட்டில் எடுக்கும்போது டியூப்லைட்டை அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

ஆகவே ஸ்டுடியோவில் நீங்கள் காசு கொடுப்பது முக்கியமாக ஒரு வேலைக்கு: பாத்திரத்தைச் சுற்றி எதை நிறுத்துவது, எதை மறைப்பது என்று தெரிந்த கைக்கு. அந்தக் கை உள்ளவர் விளக்கை நேரே பாத்திரத்தின் மேல் அடிக்க மாட்டார். பாத்திரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய டிரேசிங் பேப்பரையோ பால் நிற அக்ரிலிக் ஷீட்டையோ இடையில் தொங்கவிட்டு, அதன் பின்னாலிருந்து விளக்கைக் கொடுப்பார். உலோகத்தில் அந்த அகலமான வெண்மைதான் விழும், பளபளப்பு சீராக வரும். வெள்ளைப் பின்னணியில் எவர்சில்வரின் ஓரம் கரைந்து காணாமல் போகும் என்பதால், படத்தில் விழாத தூரத்தில் இரு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்துவார். ஓரமாக மெல்லிய கறுப்புக் கோடு இறங்கி வடிவத்தைத் தூக்கிக் கொடுக்கும். பின்னணிக்குத் தனி விளக்கு இருக்கும். பாத்திரத்துக்கும் பின்னணிக்கும் நடுவே மூன்று நான்கு அடியாவது இடைவெளி விடுவார். 85 முதல் 105 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டுத் தள்ளி நின்று எடுப்பார். செல்போனின் அகல லென்ஸோடு கிட்டப் போய் எடுத்தால் அடுக்கின் வாய் பெருத்து அடி சிறுத்துவிடும்.

இப்போது 150 ரூபாய்க்காரர். அந்த விலைக்குப் பெரும்பாலும் லைட் பாக்ஸ் எனப்படும் வெள்ளைத் துணிப் பெட்டிக்குள் வைத்து வரிசையாகச் சுட்டு, பின்னணியை மொத்தமாக வெட்டிக் கொடுப்பார்கள். அட்டைப் பெட்டி, மரச் சாமான், உங்கள் இரும்புச் சட்டி போன்றவற்றுக்கு அது போதும். அதைக் குறைவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மின்னும் சொம்பை உள்ளே வைத்தால் எல்லாப் பக்கமும் வெள்ளையடித்து உருண்டை தட்டையாகிவிடும். லென்ஸ் நுழைக்கும் பிளவு மட்டும் சொம்பின் நடு வயிற்றில் கறுப்புக் கீறலாக விழும். அதைக் கணினியில் அழித்தால் அந்த இடம் மெழுகு பூசியது போல் இருக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 பாத்திரம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கோணம் என்றால் 300 படம். 150 வீதம் 45,000. 600 வீதம் 1,80,000. நாள் கூலியில் பளபளக்கும் பாத்திரம் ஐந்து கோணமும் சேர்த்து நாளுக்கு 12 முடிந்தாலே நல்ல வேகம், ஏனென்றால் கோணம் மாறும்போதெல்லாம் அட்டைகளையும் விளக்கையும் மறுபடி நகர்த்த வேண்டும். 36-க்கு மூன்று நாள், மங்கலான 24-க்கு ஒரு நாள், ஆக 72,000.

உங்களுக்கு 300 படமும் ஸ்டுடியோவில் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. உலோகம் ஒவ்வொன்றுக்கும் முக்கியப் படம், நேர்ப் பக்கம், உள்புறம் என மூன்று. கல், இரும்புக்கு முக்கியப் படம் ஒன்று. அளவுகளைச் சேர்த்து வைத்துக் குழுப்படம் எட்டு. மொத்தம் 140. இது மூன்று நாள் வேலை, 54,000 ரூபாய். அடிப்பாகம், கைப்பிடி இணைப்பு, கையில் பிடித்த படம் ஆகியவற்றை வீட்டிலேயே மேகமூட்டமான காலை வெளிச்சத்தில், டியூப்லைட் இல்லாமல் நீங்களே எடுக்கலாம். உள்புறத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஈயம் பூசியதா இல்லையா என்று பார்த்துத்தான் பித்தளைப் பாத்திரம் வாங்குவார்கள். வெள்ளி போலத் தெரியும் அந்த உள்பூச்சு படத்தில் விழுவது விளிம்பின் வடிவத்தைவிட முக்கியம்.

நாள் கூலிக்காரரிடம் சாய்வதற்கு முன் மூன்று பேரிடமும் சோதனைப் படம் கேளுங்கள், இலவசமாக வேண்டாம், காசு கொடுத்து. அவரவர் பக்கத்தில் போட்டிருக்கும் அழகான படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் மிட்டாய் டப்பாவும் சோப்பும் இருக்கும், சொம்பு இருக்காது. உங்களிடம் இருப்பதிலேயே சிரமமான மூன்றைக் கொடுங்கள்: பாலிஷ் போட்ட எவர்சில்வர் டம்ளர் டவரா, அடித்துச் செய்த பித்தளை அடுக்கு, ஈயச் சொம்பு. வந்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். டம்ளரின் வயிற்றில் கேமராவோ ஆளின் நிழலோ தெரிகிறதா, வெள்ளைப் பின்னணியில் ஓரம் கரைந்திருக்கிறதா, அடுக்கின் சுத்தியல் குழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? (குழிகள் தெரிய ஒரு பக்கமிருந்து கொஞ்சம் கூர்மையான வெளிச்சம் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மெல்லிய வெளிச்சம் கொடுப்பவர் அதை வழித்துவிடுவார்.) பிறகு அசல் பாத்திரத்தை ஜன்னலருகே வைத்து, படத்தை உங்கள் போனிலும் இன்னொருவர் போனிலும் திறந்து பக்கத்தில் பிடியுங்கள். இரண்டு போனிலும் நிறம் பெரிதாக விலகினால் காரணம் கேளுங்கள்.

கேட்டுப் பார்க்க ஒரு கேள்வி சொல்கிறோம்: "இந்தப் பளபளப்பில் தெரியும் பிரதிபலிப்பை எப்படிக் குறைப்பீர்கள்?" லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போட்டால் போய்விடும் என்று பதில் வந்தால் தயங்குங்கள். கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் மேல் விழும் பிரதிபலிப்பை அது குறைக்கும். விளக்குக்கும் தனியாக போலரைசர் தாள் கட்டாத வரை வெறும் உலோகத்தின் பளபளப்பை அது அசைக்காது. அட்டை, டிரேசிங் பேப்பர், வெள்ளைப் பரப்பு என்று பேசுபவர் உலோகத்தோடு மல்லுக்கட்டியவர். பளபளப்பை மங்கச் செய்யும் ஸ்பிரே அடிப்பதாகச் சொன்னால் அது தவறில்லை. ஆனால் சமையல் பாத்திரத்தின் உள்புறத்தில் அடிக்கக் கூடாது என்றும், மாதிரிகளைக் கழுவித் தர வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

நிறம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், திருப்பி அனுப்புதலில் பாதி அதனால்தான் வருகிறது. சட்டகம் முழுக்க மஞ்சள் பித்தளை நிறைந்தால் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமன் ஏமாந்து நீலத்தைக் கூட்டிவிடும், பித்தளை வெளிறும். அதற்காகத்தான் முதல் படத்தில் பாத்திரத்துக்கு அருகே சாம்பல் அட்டையோ 24 நிறக் கட்டங்கள் கொண்ட கலர் செக்கரோ வைத்து எடுத்து, அதைக் கொண்டு மற்றவற்றைத் திருத்துவார்கள். அதை வைப்பீர்களா என்று கேளுங்கள். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: எடிட்டர் அழகுக்காக மஞ்சளைத் தூக்கி, பித்தளையைத் தங்கமாக்கிவிடுவார். பித்தளையின் மஞ்சள் வேறு, வெண்கலத்தின் பழுப்பு கலந்த நிறம் வேறு. பொங்கல் பானை வாங்குபவர் நிறத்தைப் பார்த்துத்தான் இரண்டையும் பிரிப்பார். இரண்டும் ஒரே நிறமாக வந்தால் பித்தளையை வெண்கலம் என்று விற்றதாகச் சந்தேகப்படுவார்கள். எடிட் செய்பவர் எதிரில் அசல் பாத்திரம் ஒன்று இருக்கட்டும், அல்லது முதல் பத்துப் படத்தை நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே மீதியைத் திருத்தட்டும்.

கல்சட்டிக் குறை ஸ்டுடியோவால் தீராது. புதுக் கல்சட்டி சாம்பல் நிறம். கஞ்சித் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் தடவிப் பழக்கியதும் கறுக்கும். நீங்கள் அனுப்புவது பழக்காத சட்டி என்றால் முக்கியப் படத்திலும் அதே சாம்பல் சட்டிதான் இருக்க வேண்டும். கறுத்த சட்டியை இரண்டாவது படமாக வைத்து, "பழக்கிய பின்" என்று எழுதிவிடுங்கள். இரும்புச் சட்டிக்கும் இதே விதி, எண்ணெய் பூசி அனுப்பினால் எண்ணெய் பூசியே படமெடுங்கள். பொருள் விளம்பரத்தில் காட்டியபடி இல்லை என்றால் வாங்கியவர் திருப்பித் தரலாம், விற்பவர் மறுக்க முடியாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. படமும் விளம்பரம்தான்.

"பெரிதாக இருந்தது" என்ற புகாருக்குக் காரணம் எளிது. அரை லிட்டர் அடுக்கையும் இரண்டு லிட்டர் அடுக்கையும் தனித்தனியே சட்டகம் நிறைய எடுத்தால் இரண்டும் ஒரே அளவில் தெரியும். அமேசானிலோ முக்கியப் படத்தில் பொருள் 85 சதவீத இடத்தை நிரப்ப வேண்டும் என்பதே விதி, அதனால் அங்கே தப்ப முடியாது. மற்ற படங்களில் ஈடுகட்டுங்கள். எல்லா அளவுகளும் வரிசையாக நிற்கும் குழுப்படம் ஒன்று, ஒரு கை பிடித்திருக்கும் படம் ஒன்று, வாய் விட்டம், உயரம், கொள்ளளவு மில்லிலிட்டரில் எழுதிய படம் ஒன்று. விளிம்பு வரையா, ததும்பாத அளவு வரையா என்று கொள்ளளவில் குறிப்பிட்டால் இன்னும் நல்லது.

அமேசானின் அதே முக்கியப் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளை, அதாவது சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் 255, 255, 255. எழுத்து, லோகோ, வாட்டர்மார்க் எதுவும் கூடாது. பெரிதாக்கிப் பார்க்கும் வசதிக்கு நீண்ட பக்கம் 1000 பிக்சலுக்குக் குறையக் கூடாது; 2000-க்கு 2000 சதுரமாகக் கேட்டு வாங்குங்கள், உங்கள் சொந்தத் தளத்துக்கும் உதவும். கோப்பு ஜேபெக், நிற வகை எஸ்ஆர்ஜிபி. அடோபி ஆர்ஜிபியில் கொடுத்துவிட்டால் பல திரைகளில் பித்தளை சோகை பிடித்தது போலத் தெரியும். வெட்டாத முழு அளவுக் கோப்பையும் சேர்த்துக் கேளுங்கள். நாளை அச்சுக்கு வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக வாங்காதீர்கள், அது அளவைச் சுருக்கிவிடும். கூகுள் டிரைவிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள். கோப்புப் பெயரில் உங்கள் பொருள் எண்ணும் கோணமும் இருக்கட்டும். 140 படம் வெறும் எண்ணோடு வந்தால் எது ஒன்றரைப் படி, எது இரண்டு படி என்று பிரிக்கவே ஒரு நாள் போகும்.

இவற்றையெல்லாம் வாயால் பேசி முடிக்காமல் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு "படம்" என்பது எடிட் முடிந்த கோப்பா, வெறும் கிளிக்கா. நாள் கூலியில் எடிட் அடங்குமா, ஒரு நாள் என்பது எத்தனை மணி நேரம். எத்தனை முறை இலவசத் திருத்தம். அவர் தவறால் மறுபடி எடுக்க வேண்டியிருந்தால் யார் செலவு. 18,000 சொன்னவர் எடிட்டைத் தனியாகப் படத்துக்கு 100 என்றால் உங்கள் 54,000 உடனே 68,000 ஆகிவிடும். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் முறையான பில் வாங்கி அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்.

உரிமை விஷயத்தில் பலர் தெரியாமல் கைவிட்டுவிடுகிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-இன்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டுப் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். "வேறு ஒப்பந்தம் இல்லாதவரை" என்பதுதான் கவனிக்க வேண்டிய சொல். விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் "படங்களின் உரிமை ஸ்டுடியோவுக்கே, பயன்பாடு ஓராண்டு" என்றிருந்து நீங்கள் ஒப்புக்கொண்டால் அந்த உரிமை போய்விடும். அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். தன் வேலையைக் காட்ட ஸ்டுடியோ சில படங்களைப் பயன்படுத்துவதை அனுமதிக்கலாம், அதில் நஷ்டமில்லை. கூடவே ஒரு வரி சேருங்கள்: செயற்கை நுண்ணறிவுக் கருவியால் பின்னணியை மாற்றலாம், பாத்திரத்தைத் தொடக் கூடாது. அந்தக் கருவிகள் கைப்பிடியின் ஆணி எண்ணிக்கையைக்கூட மாற்றிவிடுகின்றன.

மாமியாரின் புளித் துலக்கல் நல்லதே. அதற்குப் பின் செய்வதில்தான் கவனம் வேண்டும். புளியின் அமிலம் விளிம்பு மடிப்பிலோ கைப்பிடி இடுக்கிலோ தங்கினால் சில மணி நேரத்தில் திட்டுத் திட்டாகக் கறை படியும். ஓடும் தண்ணீரில் இரண்டு முறை கழுவி, உடனே துணியால் ஒற்றி, வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். தானாகக் காய்ந்தால் நம்மூர் உப்புத் தண்ணீர் வெள்ளைப் புள்ளி வைக்கும். இந்த ஈரக் காற்றில் பித்தளை சீக்கிரம் மங்கும், அதனால் முந்தின வாரமே துலக்கி வைத்துப் பயனில்லை. முந்தின நாள் துலக்கிக் காயவைத்து, மெல்லிய துணியில் சுற்றி, காற்றுப் புகாத கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். தேய்க்கும்போது ஒரே திசையில் தேய்க்கச் சொல்லுங்கள், கம்பி நார் வேண்டவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் பெரிய படத்தில் சிலந்தி வலை போலத் தெரியும். ஸ்டுடியோவில் பருத்திக் கையுறை, மைக்ரோஃபைபர் துணி இருக்க வேண்டும். கைரேகையை எடிட்டில் அழிப்பதற்கு ஆகும் நேரத்தில் பத்துப் பாத்திரத்தைத் துடைத்துவிடலாம். பித்தளையில் ஒவ்வொரு வகைக்கும் இரண்டு மாதிரி கொண்டுபோனால் நெளிவில்லாததைத் தேர்ந்தெடுக்கலாம். கல்சட்டியைக் குட்டி யானையில் மற்றவற்றோடு அடுக்கி அனுப்பாதீர்கள், தட்டினால் விரிசல் விடும். தனியாக வைக்கோலோ பழைய துணியோ சுற்றி உங்களோடு எடுத்துப் போங்கள். கொடுக்கும்போது பொருள் பட்டியலில், ஏற்கெனவே இருக்கும் நெளிவுகளையும் குறித்து, அவர் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நாள் குறிப்பது ஆடியில் இருக்கட்டும். அந்த மாதம் கல்யாணம் இல்லாததால் கல்யாணப் படமும் எடுக்கும் ஸ்டுடியோக்களில் இடம் எளிதாகக் கிடைக்கும், விலையும் பேசலாம். ஆவணி பிறந்தால் முகூர்த்தம், புரட்டாசியில் துணிக்கடைகளின் தீபாவளி விளம்பர வேலை, ஐப்பசியில் மழை. எடுப்பதற்கு மூன்று நாள் என்றாலும் எடிட், திருத்தம் சேர்த்து மூன்று வாரம் விட்டு வையுங்கள்.

சமையலறைச் சூழலில் வைத்து எடுக்கும் படம் உங்களுக்கு நான்கைந்து போதும், அதுவும் ரசம் கொதிக்கும் ஈயச் சொம்பு என்றால் நன்றாக விற்கும். அந்தப் படத்தின்போது நீங்கள் கட்டாயம் பக்கத்தில் இருங்கள். ஈயச் சொம்பு செய்யும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஸ்டுடியோவில் இருப்பவருக்கு இது தெரியாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்து, விளக்கைச் சரிசெய்யப் போனால், திரும்பி வருவதற்குள் அடி ஒழுகிவிடும். முதலில் சொம்பில் முக்கால் அளவு ரசம் ஊற்றுங்கள், பிறகு சின்ன பர்னரில் சிறு தீ, தீ அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக் கூடாது. கேமராவும் விளக்கும் தயாரான பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். நுரை கட்டும் நேரத்தில் பத்துப் பதினைந்து படம் எடுத்துக்கொண்டு, ரசம் சுண்டுவதற்குள் அணைத்துவிடுங்கள்.